வாப்பாவின் ஃபோனிலிருந்து தொடங்குங்கள்

வளாகத்துக் கணினிக்கூடத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். பாடங்களை ஏற்றி வைக்கும் 'மூடில்' என்ற இணையத்தளம் உடனே திறக்கும், வீடியோ தடங்காது, அசைன்மென்ட் ஒரு நொடியில் ஏறிவிடும். 2020இல் கொரோனா எல்லோரையும் வீட்டில் இருத்திய பிறகுதான் மற்றப் பக்கம் எனக்குத் தெரிய வந்தது. மூதூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "மிஸ், நான் வாப்பாட ஃபோன்லதான் பாடம் பாக்கிறன். அவர் ராவைக்குக் கடலுக்குப் போனா ஃபோனும் போயிரும். ராவு பன்னிரண்டோட அசைன்மென்ட் முடியுது என்டா நான் எப்பிடிப் போடுற?"

அதற்குப் பிறகு விரிவுரையாளர்களுக்கு நான் நடத்தும் எந்தப் பயிற்சியும் அந்த ஃபோனிலிருந்துதான் தொடங்குகிறது. திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்பத்துக்குக் காசு செலவழிக்கப்போகிறது என்றால், வெருகலிலும் குச்சவெளியிலும் இருக்கிற பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சேர்வர் வாங்குவது அதற்குப் பிறகு.

முதல் வேலை, கேட்பது. புது அணி பதிவுக்கு வரும் நாளில் ஒரு தாளில் நான்கு கேள்வி கொடுங்கள். ஃபோன் யாருடையது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் கையில் இருக்கும்? வீட்டுக்குள் சிக்னல் வருமா, வெளியே போகவேண்டுமா? டேட்டாவுக்கு மாதம் எவ்வளவு ரீலோட் போடுகிறீர்கள்? தாளில்தான் கேட்க வேண்டும். ஒன்லைன் படிவம் அனுப்பினால் நெட் இருக்கிற பிள்ளைகள் நிரப்புவார்கள். நீங்கள் தேடுகிற பிள்ளை அதில் வரவே மாட்டாள். பதில்களை அறிவித்தல் பலகையில் ஒட்டாதீர்கள், பெயரோடு மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். வீட்டு வறுமை அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும் நிர்வாகத்துக்கு நினைவுபடுத்துங்கள்.

அந்தப் பதில்களைப் பார்த்த பிறகு எங்கள் பாடங்களில் அசைன்மென்ட் முடியும் நேரத்தை இரவு 11.59இலிருந்து பகல் 2 மணிக்கு மாற்றினோம். இரவு கடலுக்குப் போனவர் கரைக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் அது. ஃபோன் பிள்ளையின் கையில் இருக்கும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது பாடத்தின் எடை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்ட வேண்டும், ஏனென்றால் கணக்கைப் பார்த்த பிறகுதான் பல விரிவுரையாளர்கள் மனம் மாறினார்கள். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 450 எம்.பி. வரும். அதே விரிவுரையின் குரலை மட்டும் விநாடிக்கு 32 கிலோபிட்டில் பதிந்தால், பத்து நிமிடத்துக்கு 2.4 எம்.பி. போதும். ஒரு மணி நேரத்துக்கும் 15 எம்.பி.க்குள் அடங்கிவிடும். பலகையில் வரைந்து காட்டவேண்டிய பாடம் என்றால் வீடியோ வேண்டும்தான், ஆனால் எங்கள் பாடங்களில் பாதிக்கு மேல் பேச்சும் சில படங்களும்தான்.

செய்யும் முறை இது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபோனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதியுங்கள். ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் திறந்து, மோனோவுக்கு, அதாவது ஒற்றை ஒலித்தடத்துக்கு மாற்றி, 32 கிலோபிட்டில் சேமியுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு துண்டு என்று வெட்டுங்கள். எட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு துண்டு போகக்கூடாது. பாதியில் சிக்னல் போனாலும் ஒரு துண்டுதான் நட்டம். படங்களை 1280 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிய பிறகு பி.டி.எஃப் ஆக்குங்கள். ஃபோனில் எடுத்த படத்தை அப்படியே செருகினால் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்.பி. பிடிக்கும். கோப்புக்குப் 'பாடம் 03 பகுதி 2' என்று பெயர் வையுங்கள். 'புதியது', 'கடைசி', 'திருத்திய கடைசி' என்று வைத்தால் பிள்ளை மூன்றையும் இறக்கிப் பார்க்க வேண்டி வரும், அதுவும் அவளுடைய டேட்டாதான்.

பிறகு மூடிலின் ஃபோன் செயலியைக் காட்டிக் கொடுங்கள். வளாக வைஃபையில் நிற்கும்போதே ஒரு வாரப் பாடத்தை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வினாவிடைத் தேர்வையும் நெட் இல்லாமல் எழுதி, நெட் வந்ததும் அனுப்பலாம். ஆனால் அந்த அனுமதியை விரிவுரையாளர் அமைப்புகளுக்குள் போய்த் திறந்துவிட வேண்டும், நேரக் கட்டுப்பாடும் வைக்கக்கூடாது. கட்டுப்பாடு வைத்தால் அது நெட் இல்லாமல் இயங்காது. இதைத் தெரியாமல் ஒரு செமஸ்டர் முழுக்கப் பிள்ளைகளைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். 2020இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பினூடாக மூடிலையும் ஸூமையும் டேட்டாக் கட்டணமில்லாமல் பார்க்க வழி செய்தார்கள். அது பெரிய உதவி. ஆனாலும் சிக்னலே வராத வீட்டுக்கு, இறக்கி வைத்த பாடம்தான் கைகொடுத்தது.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்த பிள்ளை இங்கே வந்ததும் ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறாள். மூடிலுக்குள்ளேயே கலைச்சொல் தொகுதி ஒன்று வைக்கலாம். அதில் சேர்த்த சொல் பாடத்தில் எங்கே வந்தாலும் தானாகவே இணைப்பு விழும். சொற்களைப் பிள்ளைகளே எழுதட்டும். 'டிப்ரிசியேஷன்' என்ற சொல்லுக்குப் பெறுமானத் தேய்வு என்று போட்டு, புது எஞ்சின் உப்புத் தண்ணீரில் வருடா வருடம் எப்படிப் பெறுமதி இழக்கிறது என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். நான் விளக்கியதைவிட அது தெளிவு. ஒரு நிபந்தனை: எல்லாம், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டில் இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டியது ஃபோனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடவும் முடியாது. பழைய குறிப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பு எழுத்துகளை ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் வலியோடு சொல்கிறேன். முன்னர் நான் வேலை செய்த ஓர் இடத்தில் மாரி மழையோடு இடி விழுந்தது. யூ.பி.எஸ் பற்றரி எப்போதோ செத்திருந்தது, யாரும் சோதிக்கவில்லை. பிரதி எடுத்து வைத்த வன்தட்டும் அதே மேசையில், அதே பிளக்கில். ஒரு அணியின் முழுச் செமஸ்டர்த் தொடர் மதிப்பீட்டுப் புள்ளிகள் போயின. அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளுக்கு என்னால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். மாதம் ஒரு தடவை ஒரு பிரதியைத் திறந்து, உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று பாருங்கள். பற்றரியை ஐப்பசிக்கு முன்னர் சோதியுங்கள்.

இதெல்லாம் வளாகத்துக்குள். வெளியே செய்யக்கூடியவற்றில் இரண்டை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

ஒன்று ஊர் வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை யாரும் திருத்தலாம். ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தன் ஊர் ஒழுங்கைகள், கிணறுகள், வாய்க்கால்கள், வெள்ளத்தில் ஒதுங்கக்கூடிய பாடசாலை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றைத் தமிழ்ப் பெயரோடு குறித்து வரட்டும். பெயரை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். தோப்பூர்ப் பக்கம் ஒரு வாய்க்காலுக்கு எங்கள் பிள்ளைகள் மூன்று பெயர் கொண்டு வந்தார்கள், மூன்றையும் பதிந்தோம்.

மற்றது ஏட்டுச் சுவடிகள். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. சுற்று ஊர்களில் பரம்பரை வைத்தியர் வீடுகளில் ஓலைகள் இன்னும் இருக்கின்றன. ஸ்கேனரில் வைத்து அழுத்தாதீர்கள், ஓலை வெடிக்கும். கமராவை மேலிருந்து நேராகப் பூட்டி, பக்கத்தில் ஒரு அளவுகோலும் நிற அட்டையும் வைத்து, இரு பக்கத்தில் இருந்தும் ஒளி விழச் செய்து எடுங்கள். அதற்கு முன்னர் ஓலைகள் கட்டியிருக்கும் வரிசையைப் படம் எடுத்து, எண் கொடுத்துக்கொள்ளுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டுங்கள், தண்ணீர் படக்கூடாது. மூலப் படங்களைத் தரம் குறையாத டிஃப் கோப்பாகவே வையுங்கள். அவற்றை டிஸ்பேஸ் போன்ற திறந்த ஆவணக் காப்பக மென்பொருளில் அடுக்கினால் நாளைக்கும் தேடி எடுக்கலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களுக்குச் செய்திருப்பதைப் பார்த்தால் எவ்வளவு செய்யலாம் என்பது விளங்கும்.

எந்தப் பக்கத்தை வெளியே காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அந்த வீட்டாரிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சில மருந்து முறைகளைத் தங்கள் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருக்க அவர்கள் விரும்பலாம். அப்படியென்றால் அந்தப் பக்கங்களைப் பூட்டி வையுங்கள். ஓலைகளை அன்றைக்கே, எண்ணிப் பார்த்து, அதே நூலில் கட்டிக் கொடுங்கள். கூடவே படங்கள் இருக்கும் ஒரு பென் ட்ரைவும், கண் மங்கிய வைத்தியர் ஐயா வாசிக்கக்கூடிய அளவுக்குப் பெரிதாக அச்சிட்ட ஒரு பிரதியும் போக வேண்டும்.