ஊருக்குப் போகிறீர்களா? நெஞ்செரிச்சலுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்

ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே பலருக்கு நெஞ்செரிச்சல் தொடங்கிவிடும். பழியெல்லாம் காரத்தின் மேல் விழும். காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சாப்பிடும் நேரம். உறவினர் வீட்டில் பேச்சு நீண்டு, இரவு பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிட்டு, பயணக் களைப்பில் அப்படியே படுத்துவிடுகிறோம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இருக்கும் தசை வளையம், வயிறு நிறைந்திருக்கும்போது அடிக்கடி தளரும். அந்த நேரத்தில் படுத்திருந்தால் அமிலம் சுலபமாக மேலே ஏறிவிடும்.

அதனால் இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள். ஒரே ஒரு விதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே பிடித்துக்கொள்ளுங்கள். “அத்தை, இப்போது கொஞ்சமாகப் போடுங்கள், வேண்டுமென்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யார் மனமும் நோகாது. எண்ணெயில் பொரித்தது, காபி, சாக்லேட், தக்காளி, மது ஆகியவற்றில் உங்களுக்கு எது ஆகாது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்; அதை மட்டும் குறைத்தால் போதும், எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை.

இரவில் எரிச்சல் வந்தால் பலரும் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்குவார்கள். அப்போது கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அழுந்தும். எரிச்சல் கூடவும் செய்யலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் உறுதியான கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். உடம்பு முழுவதும் ஒரே சரிவில் இருக்க வேண்டும். இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பதும் உதவும்.

அப்புறம் மருந்து. எப்போதாவது வரும் எரிச்சலுக்கு, வயிற்று அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் சில நிமிடங்களில் கேட்கும், ஆனால் நீண்ட நேரம் தாங்காது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபமோடிடின் வேலை செய்ய ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆனால் இரவு முழுவதும் தாங்கும். அமிலச் சுரப்பை இன்னும் வலுவாகக் குறைக்கும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவற்றைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால், எரியும்போது மட்டும் ஒன்று போட்டுப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. மருத்துவர் சொல்லாமல் 14 நாட்களுக்கு மேல் தொடரவும் வேண்டாம். வழக்கமாக எடுப்பவர்கள் பயணம் முழுவதற்கும் போதுமான மாத்திரைகளைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து தொல்லை தரலாம். இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு ஒமெப்ரசோல் பொருந்தாது. மாற்று எது என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணிகள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வயிற்றில் உள்ள அமிலம் கிருமிகளைக் கொல்லும் காவலும்கூட. ஒமெப்ரசோல் வகை மருந்துகள் அதைக் குறைப்பதால் வயிற்றுப்போக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே தண்ணீர் விஷயத்தில் மற்றவர்களைவிட நீங்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மலேரியாத் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் எடுத்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். உடல்வலிக்கு இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

விழுங்கும்போது உணவு சிக்கினாலோ காரணமின்றி எடை குறைந்தாலோ, ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இரத்த வாந்தி எடுத்தாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் அது வெறும் நெஞ்செரிச்சல் போலவே தோன்றக்கூடும். ஆன்டாசிட் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.