ஒன்பது கிலோமீட்டர் உயரம் போகும் ராக்கெட்டை முதலில் திரையில் பறக்கவிடுவது எப்படி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் பிளாக் ராக் பாலைவனம், வற்றிப்போன பழைய ஏரியொன்றின் களிமண் படுகை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல் பூண்டு இல்லாமல் தட்டையாக விரிந்து கிடக்கும் அந்த நிலத்தில்தான், உயரப் பறக்கும் பொழுதுபோக்கு ராக்கெட்டுகளில் பல ஏவப்படுகின்றன. 2004 மே 17 அன்று தொழில்முறை சாராத பொழுதுபோக்குக் குழு ஒன்றின் ராக்கெட் 100 கிலோமீட்டர் எல்லையை முதன்முதலாகத் தாண்டியதும் அங்கிருந்துதான். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவ்வளவு பெரிய கனவை அல்ல. 75 மில்லிமீட்டர் மோட்டார் ஒன்றைச் சுற்றி, அது நுழையும் அளவே விட்டம் கொண்ட கண்ணாடியிழைக் குழாயால் கட்டப்பட்டு, தரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர், அதாவது 30,000 அடி உயரம் எட்டக்கூடிய ஒற்றைக்கட்ட ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம்.

இத்தகைய ராக்கெட்டைச் சிமுலேஷன் மென்பொருளில் வரைந்து பொத்தானை அழுத்தியதும், எல்லோருடைய கண்ணும் முதலில் போவது உச்ச உயரத்தைக் காட்டும் எண்ணுக்குத்தான். அந்த எண்ணைக் கடைசியில் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் நேராக வழிநடத்தும் தண்டான ஏவு ரெயிலை விட்டு ராக்கெட் போதிய வேகத்துடன் கிளம்புகிறதா, ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்திலும் அது நேராகப் பறக்குமா, துடுப்புகள் தாங்குமா, எங்கே வந்து விழும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் உயரத்துக்குப் பொருள் உண்டு.

எந்த மென்பொருள்

ஓப்பன்ராக்கெட் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். 2009இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட முதுகலை ஆய்வேடு ஒன்றிலிருந்து பிறந்தது. ராக்கெட்டின் மீது காற்றின் விசைகள் ஒன்றுசேர்ந்து செயல்படும் புள்ளியான அழுத்த மையத்தை அது கணக்கிடும் முறைக்கு அடிப்படை, 1960களில் நாசாவின் ஆய்வு ராக்கெட்டுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் பேரோமன் வகுத்த சமன்பாடுகள். அவை ஒலியைவிடக் குறைந்த வேகத்துக்கும் சிறிய தாக்குகோணத்துக்கும் (ராக்கெட் காற்றைச் சந்திக்கும் கோணம்) எழுதப்பட்டவை. ஓப்பன்ராக்கெட் அவற்றை மேலும் நீட்டித்திருக்கிறது என்றாலும், மாக் 1.5ஐ, அதாவது ஒலியைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தைத் தாண்டிய பிறகு, இழுவைக்கு (காற்றின் தடைக்கு) அது தரும் கணக்கை நான் தனியாக நம்புவதில்லை. அந்த வேகங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ராஸ்ஏரோ 2 என்ற மென்பொருளும் இலவசமே. வடிவமைப்பையும் எடைப் பங்கீட்டையும் ஓப்பன்ராக்கெட்டில் செய்துவிட்டு, அதே ராக்கெட்டின் அளவுகளை ராஸ்ஏரோவில் கையாலேயே மறுபடி உள்ளிடுவது என் வழக்கம். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் துடுப்பு உடலோடு ஒட்டும் அடிநீளத்தை முதல் முறை தவறாகத் தட்டியிருந்தால், இரண்டாம் முறை தட்டும்போது அது அகப்பட்டுவிடும்.

எடை: தராசில் பார்த்ததை மட்டும்

மென்பொருளின் பட்டியலிலிருந்து ஒரு குழாயைத் தேர்ந்தெடுத்தால், அதன் எடையைப் பொருளின் அடர்த்தியிலிருந்து அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். முதல் வரைவுக்கு அது போதும். ஆனால் பாகங்கள் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, மென்பொருளின் எண்ணை அழித்துவிட்டு அளந்த எண்ணை எழுத வேண்டும். பலரும் மறப்பவை எபாக்சி பசை, வண்ணப்பூச்சு, பாராசூட்டை இணைக்கும் கெவ்லர் பட்டை, மின்கலம், திருகாணிகள் ஆகியவை. நான் கட்டிய ஒரு ராக்கெட், வரைபடத்தில் இருந்ததைவிட 800 கிராம் கூடுதலாக வந்தது. அதில் பெரும்பகுதி துடுப்புகளின் அடியில் நான் தாராளமாகப் பூசிய எபாக்சி. எடை கூடியதைவிட அது பின்பக்கத்தில் கூடியதுதான் தொல்லை. ஈர்ப்பு மையம் 40 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்ந்து, நிலைப்புத்தன்மையில் அரைக் காலிபரைத் தின்றுவிட்டது. ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதுதான் நிலைப்புத்தன்மை; ராக்கெட்டின் விட்டம் ஒரு காலிபர். மூக்குக் கூம்புக்குள் எடை வைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

ஆகவே ராக்கெட் முழுமையானதும் ஒரு சோதனை செய்யுங்கள். பாராசூட்டுகளை மடித்து உள்ளே வைத்து, மின்னணுக் கருவிகளைப் பூட்டி, மோட்டாரின் இடத்தில் எரிபொருள் நிரம்பிய மோட்டாரின் எடையும் நீளமும் கொண்ட ஒரு மாற்றைச் செருகிக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றுச் சுருக்கில் ராக்கெட்டைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் புள்ளி வரும்வரை சுருக்கை நகர்த்தி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மூக்கு முனையிலிருந்து கோடு வரையுள்ள தூரமும் மென்பொருள் சொல்லும் ஈர்ப்பு மையமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், பிழை எங்கே என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

எடை கூடினால் உயரம் குறையும் என்பது எல்லா ராக்கெட்டுக்கும் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மெல்லிய, வேகமான ராக்கெட் மோட்டார் அணைந்த பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு மேலேறுவது தன் நிறையில் சேர்ந்திருக்கும் உந்தத்தால்தான். மிக இலேசாக இருந்தால் காற்று அதை விரைவில் தடுத்து நிறுத்திவிடும். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சிமுலேஷனை ஓட்டிப் பார்த்தால், உயரம் ஓரளவு வரை ஏறிப் பிறகு இறங்குவதைச் சில வடிவமைப்புகளில் காணலாம்.

மோட்டாரும் ஏவுதளமும்

மோட்டாரின் எழுத்து வகை ஒவ்வொரு படியிலும் மொத்தக் கணத்தாக்கை, அதாவது சராசரி உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவை, இரட்டிப்பாக்குகிறது. எம் வகை என்பது 5,120 முதல் 10,240 நியூட்டன்-விநாடி வரை. அமெரிக்காவில் எம், என், ஓ வகை மோட்டார்களை வாங்கிப் பறக்கவிட மூன்றாம் நிலைச் சான்றிதழ் தேவை. ராக்கெட் எட்டும் உயரத்துக்கு விமானப் போக்குவரத்து அமைப்பின் அனுமதியும் தேவை. நம் எடுத்துக்காட்டில் 9,000 நியூட்டன்-விநாடி கணத்தாக்கை 5 விநாடியில் தரும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி உந்துவிசை 1,800 நியூட்டன். ராக்கெட் கிளம்பும்போது எடை 13 கிலோகிராம் என்றால், உந்துவிசை எடையைப் போல் 14 மடங்கு.

ஏவுதளத்தின் உயரத்தையும் வெப்பநிலையையும் உள்ளிடாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம். பிளாக் ராக்கில் 35 டிகிரி அடிக்கும் பிற்பகலில் அது ஏறத்தாழ 0.99தான். ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு என்றால் இழுவையும் அந்த அளவு குறைகிறது, உச்சம் நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே போகிறது. அனுமதிக்கப்பட்ட உயரத்தின் விளிம்பில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

அடுத்தது ரெயில். பயன்படும் நீளம் 3 மீட்டர் என்றால், நம் ராக்கெட் அதன் முனையைக் கடக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் வேகத்தில் இருக்கும். விநாடிக்கு 15 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அதோடு நிறைவடைய வேண்டாம். பக்கவாட்டில் விநாடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால், ரெயிலை விடும் கணத்தில் ராக்கெட் காற்றைச் சந்திக்கும் கோணம் 10 டிகிரி. 8 மீட்டர் காற்றென்றால் 16 டிகிரி. இத்தகைய கோணங்களில் உடற்குழாயே தூக்குவிசையை உண்டாக்கி, அழுத்த மையத்தை முன்னுக்கு இழுக்கும். பேரோமன் சமன்பாடுகளின் மூல வடிவம் இதைக் கணக்கில் கொள்வதில்லை. மேலும், மோட்டாரின் சராசரி உந்துவிசை இங்கே உதவாது. முதல் கால் விநாடியின் உந்துவிசைதான் வேண்டும். சில மோட்டார்கள் மெல்லச் சூடேறி எழும். உந்துவிசை வரைகோட்டின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மாக் 2இல் நிலைப்புத்தன்மை

திரையின் மூலையில் தெரியும் ‘2.1 காலிபர்’ போன்ற எண், ராக்கெட் தரையில் நிற்கும் நிலைக்கும் குறைந்த வேகத்துக்கும் உரியது. பறப்பின் போது இரண்டு மையங்களும் நகர்கின்றன. எரிபொருள் பின்பக்கத்தில் எரிந்து தீர்வதால் ஈர்ப்பு மையம் முன்னுக்குப் போகிறது. இது நமக்கு நல்லது. ஆனால் ஒலி வேகத்தைத் தாண்டி மேலே போகப் போகத் துடுப்புகளின் பிடிப்பு குறைந்துகொண்டே வருவதால், அழுத்த மையமும் முன்னுக்கு நகர்கிறது, இது கெட்டது. இரண்டில் எது முந்துகிறது என்பதை ஒற்றை எண்ணால் சொல்ல முடியாது. கிடைமட்ட அச்சில் நேரத்தையும் செங்குத்து அச்சில் நிலைப்புத்தன்மையையும் மாக் எண்ணையும் சேர்த்து ஒரே வரைபடமாகப் போடுங்கள். மாக் எண் உச்சத்தைத் தொடும் இடத்தில் கோடு எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். தரையில் 2 காலிபர் இருந்தது அங்கே 1ஆகச் சுருங்குவதைக் கண்டால், துடுப்பைப் பெரிதாக்க வேண்டும் அல்லது மூக்கில் எடை சேர்க்க வேண்டும்.

நீண்ட மெல்லிய ராக்கெட்டுக்குக் காலிபர் கணக்கே போதாது. 78 மில்லிமீட்டர் விட்டமும் 2.3 மீட்டர் நீளமும் உள்ள உடலில் ஒரு காலிபர் என்பது நீளத்தில் மூன்றரை சதவீதம்கூட இல்லை. இரு மையங்களுக்கும் இடையிலான தூரம் நீளத்தில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். மிகையாகக் கூட்டினாலும் ராக்கெட் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிச் சாய்ந்து ஏறும். உயரமும் போகும், விழும் இடமும் தள்ளிப்போகும்.

துடுப்புகள்

துடுப்பு படபடத்துப் பிய்ந்துபோவதைச் சிமுலேஷன் காட்டாது. துடுப்புகள் வளையாத தகடுகள் என்று நினைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. ஆகவே அதிகபட்ச வேகத்தையும் அது நிகழும் உயரத்தையும் சிமுலேஷனிலிருந்து எடுத்து, படபடப்பு வேகத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பலரும் பயன்படுத்தும் சமன்பாடு 1958இல் அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட 4197ஆம் எண் தொழில்நுட்பக் குறிப்பிலிருந்து வந்தது. அதில் நினைவில் கொள்ள வேண்டியது தடிமனின் தாக்கம்: துடுப்பின் தடிமனை இரட்டிப்பாக்கினால், படபடப்பு வேகம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. கணக்கிட்ட வேகம், சிமுலேஷன் காட்டும் அதிகபட்ச வேகத்தைவிட நான்கில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும். மாக் 2இல் மூக்கு முனையில் காற்றின் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டும் என்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சியைத் துடுப்பின் முன்விளிம்புக்கு நம்ப வேண்டாம்.

எங்கே வந்து விழும்

எனக்கு மிகுந்த அக்கறை உள்ள பகுதி இது. மேலே போன எதையும் பத்திரமாகத் தரையில் கண்டெடுத்தால்தான் பறப்பு முடிந்தது. உச்சத்தில் சிறு பாராசூட்டும், தரைக்கு 450 மீட்டர் மேலே பெரிய பாராசூட்டும் விரியும்படி அமைத்திருக்கிறோம். சிறு பாராசூட் தரையருகே விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறக்கும் என்றால், அடர்த்தி குறைந்த உச்சத்தில் அதே பாராசூட் 40 மீட்டருக்கு மேல் வேகமாக இறக்கும். சராசரியாக 33 என்று கொண்டால், 450 மீட்டருக்கு வர 260 விநாடி. இடைப்பட்ட காற்றின் சராசரி வேகம் 12 மீட்டர் என்றால் ராக்கெட் 3 கிலோமீட்டர் அடித்துச் செல்லப்படும். இப்போது பெரிய பாராசூட் தவறுதலாக உச்சத்திலேயே விரிந்துவிட்டதாக வைத்து ஓட்டுங்கள். இறங்க 18 நிமிடத்துக்கு மேல் ஆகும். தூரம் 13 கிலோமீட்டரைத் தாண்டும். இந்த இரண்டாவது எண்ணைத் தெரிந்துகொண்டுதான் பெரிய பாராசூட் முன்கூட்டியே வெளிவராமல் அடக்கி வைக்கும் ஊசித் திருகுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

மென்பொருளில் தானாக வரும் மெல்லிய, ஒரே சீரான காற்றை அப்படியே விடக் கூடாது. தரையில் இலை அசையாத நாளில்கூட 9 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 30 மீட்டர் காற்று வீசலாம். ஓப்பன்ராக்கெட்டின் புதிய பதிப்புகள் உயரவாரியாகக் காற்றை உள்ளிட இடம் தருகின்றன. வானிலைத் துறையின் மேல்காற்று முன்கணிப்பை அதில் நிரப்புங்கள்.

மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால், பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்து முழுதாக எரியாமல் சிதறிப்போவதும் உண்டு. சிமுலேஷன் இதையும் சொல்லாது. மருந்தை இறுக மூடிய குழலுக்குள் அடைப்பதும், மருந்தைப் பற்றவைக்கும் உயரமானிகள் இரண்டைத் தனித்தனி மின்கலத்துடன் வைப்பதும் அவசியம்.

ஓட்ட வேண்டிய எண்ணிக்கை

ஒரே ஒரு முறை ஓட்டிக் கிடைத்த உயரத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். இழுவைக் குணகத்தை 10 சதவீதம் கூட்டியும் குறைத்தும், மோட்டாரின் கணத்தாக்கை 5 சதவீதம் மாற்றியும், ரெயிலை 2, 4, 6 டிகிரி சாய்த்தும் ஓட்டுங்கள். கிடைக்கும் உயரங்களில் மிகப் பெரியது அனுமதிக்கப்பட்ட உச்சவரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். இறங்குமிடங்களில் மிகத் தொலைவானது ஏவுதளத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஏவும் நாள் காலையில், அன்றைய வெப்பநிலையையும் மேல்காற்றையும் போட்டு மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள். தரைக்காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் பாதுகாப்பு விதிகளின்படி ஏவக் கூடாது.

பறப்பு முடிந்து ராக்கெட் கைக்கு வந்ததும், உயரமானியின் பதிவைக் கணினியில் இறக்கி, சிமுலேஷனின் வேகக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். மோட்டார் அணைந்ததிலிருந்து உச்சம் வரையுள்ள பகுதியில் இரு கோடுகளும் பொருந்தும்வரை இழுவைக் குணகத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். அப்படிக் கிடைத்த குணகத்தைத் தேதியோடு கோப்பில் எழுதிவையுங்கள். அதே ராக்கெட்டில் பெரிய மோட்டாரை வைக்க நினைக்கும்போது தொடங்க வேண்டிய எண் அதுதான்.