முதல் வின்டரிலேயே ப்ளூ மவுண்டனா? டொரண்டோ குளிரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவுக்கு வந்த முதல் டிசம்பரிலேயே நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி நவம்பரில் கதவைச் சாத்தினால் ஏப்ரலில்தான் திறக்கும். இன்னொரு கட்சி வாட்ஸ்அப்பில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, ஆறு பேர், ஒரு வாடகை வண்டி, ப்ளூ மவுண்டன் ஸ்கீ மலை என்று ஒரே ராத்திரியில் முடிவெடுத்துக் கிளம்பிவிடும். இந்த இரண்டாவது கட்சியில் பாதிப் பேர் அடுத்த வருடம் முதல் கட்சிக்குத் தாவிவிடுகிறார்கள். கேட்டால் குளிர் தாங்கவில்லை என்பார்கள். என்னைக் கேட்டால், முதல் பயணத்தையே அவ்வளவு பெரிதாகப் போட்டதுதான் காரணம்.

கணக்குப் பாருங்கள். ப்ளூ மவுண்டனுக்குப் பக்கத்து ஊரான காலிங்வுட் போய்ச்சேரவே இரண்டு மணி நேரம். அங்கே ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு எடுக்க வரிசை, லிஃப்ட் டிக்கெட்டுக்குத் தனிக் காசு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த பூட்ஸைக் காலில் ஏற்ற அரை மணி நேரம். சரிவில் நிற்கத் தெரிவதற்குள் வெளிச்சம் போய்விடும், ஏனென்றால் டிசம்பரில் இங்கே சூரியன் மாலை 4:40 வாக்கிலேயே மறைந்துவிடும். அப்புறம் இருட்டில் 400 நெடுஞ்சாலை. ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து வரும் காற்று திடீரென்று பனியைக் கொட்டும்போது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. இத்தனையையும் ஒரே நாளில் பட்டுவிட்டு வருகிறவருக்கு அடுத்த வாரம் வெளியே போக எப்படி மனசு வரும்?

முதல் தடவைக்கு வீட்டிலிருந்து பஸ்ஸிலோ சப்வேயிலோ போய், பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். சிட்டி ஹால் முன்னால் இருக்கும் நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்து ஸ்கேட்டிங் தளத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஸ்கேட் வாடகைக்கு மட்டும்தான் காசு. ஸ்கீதான் வேண்டுமென்றால் நகருக்குள்ளேயே, பாதர்ஸ்ட்டும் ஷெப்பர்டும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் நகராட்சியே ஒரு சின்னச் சரிவு நடத்துகிறது, அங்கே வகுப்பும் உண்டு. பெரிய மலைகளிலும் புதியவர்களுக்கென்று வாடகை, வகுப்பு, சின்னச் சரிவுக்கான டிக்கெட் மூன்றும் சேர்ந்த பேக்கேஜ் இருக்கும். அந்த வகுப்புக் காசை மிச்சம் பிடித்து, போன வருடம் இரண்டு முறை போய்வந்த நண்பனிடம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. அவன் உங்களை நேராக மேலே கூட்டிப்போய் விட்டுவிட்டு "அப்படியே வா மச்சான்" என்று கீழே போய்விடுவான். நிறுத்துவது எப்படி என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும், நண்பர்கள் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

அடுத்து உடை. ஆயிரம் டாலர் ஜாக்கெட் வாங்கிவிட்டு உள்ளே பருத்தி பனியனும் கீழே ஜீன்ஸும் போடுகிறவர்கள் நம்மில் ஏராளம். சென்னை வெயிலுக்குப் பருத்தி தெய்வம். இங்கே அதே பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாக உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் இன்னும் மோசம்: பனியில் முட்டி போட்டு ஒரு முறை விழுந்தால் ஓரம் நனையும், பத்து நிமிடத்தில் அந்த ஓரம் அட்டை மாதிரி விறைத்து கணுக்காலில் உரசும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி தெர்மல், நடுவில் ஃப்லீஸ், மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் ஒரு சாதாரண ஜாக்கெட், கீழே ஸ்னோ பேன்ட், அவ்வளவு போதும். இவற்றை வேல்யூ வில்லேஜ் மாதிரி பழைய துணிக் கடைகளில் மலிவாகவே பிடிக்கலாம். விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன், கிளவுஸைவிடச் சூடு தரும். ஊட்டிக்குப் போகும்போது அம்மா வலுக்கட்டாயமாகப் பெட்டியில் வைப்பாரே, குரங்குக் குல்லா, அதைக் கிண்டல் செய்யாமல் எடுத்து வாருங்கள். இங்கே அதையே பலக்ளாவா என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

சாக்ஸ் விஷயத்தில் எல்லோருமே ஏமாறுவோம். குளிருமே என்று இரண்டு தடிமனான சாக்ஸைப் போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரு கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை ஆட்ட இடம், அதுதான் சரி. ஸ்கேட்டுக்கும் ஸ்கீ பூட்ஸுக்கும் மெல்லியதாக ஒன்றே ஒன்று.

வானிலை ஆப்பில் வெறும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், காற்றையும் சேர்த்துச் சொல்லும் விண்ட் சில் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம் என்பது கனடா வானிலைத் துறையின் கணக்கு. மைனஸ் 40-ஐத் தொட்டால் 5 முதல் 10 நிமிடம். இங்கே கிடைக்கும் துண்டறிக்கைகளில் தோல் சிவந்து, பிறகு வெளுக்கும் என்று போட்டிருக்கும். நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்த நிறமாற்றம் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. அதனால் நிறத்தை நம்பாமல் உணர்ச்சியை நம்புங்கள்: முதலில் சுருக்கென்று வலித்த காதோ மூக்கு நுனியோ திடீரென்று வலிக்காமல் போனால் நல்லதாயிற்று என்று நினைக்க வேண்டாம், உடனே உள்ளே போங்கள். சூடு பறக்கத் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம், இங்கே அதைச் செய்யவே கூடாது, உறைந்த தோல் கிழிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், பொறுமை, கொப்புளம் வந்தால் மருத்துவர். குளிருக்கு இதமாக இருக்கும் என்று ஒரு பெக் போட்டுவிட்டு வெளியே நிற்பதும் அப்படித்தான். தோலில் சூடு தெரியும், உடம்பின் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். பிளாஸ்க்கில் இஞ்சி டீ கொண்டுபோங்கள்.

ஸ்கேட்டிங் தளத்துப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் யார் விழப்போகிறார்கள் என்பது பனியில் இறங்கும் முன்பே தெரிந்துவிடும், லேஸ் கட்டும் விதத்தில். புதியவர்கள் ஷூ மாதிரி மேலே மட்டும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள், கணுக்கால் உள்பக்கம் மடிந்து ஸ்கேட்டின் அடிக் கத்தி சாய்ந்தே நிற்கும். குதிகாலைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பின்னால் ஒட்டவைத்து, விரல் பக்கம் லேசாகவும் கணுக்கால் வளையும் இடத்தில் நன்றாக இறுக்கியும் ஒவ்வொரு கொக்கியாக இழுத்துக் கட்ட வேண்டும். எழுந்து நின்றால் கால் உள்ளே ஆடக்கூடாது. ஆடினால் அளவு பெரிது, வெட்கப்படாமல் கவுன்டரில் மாற்றிக் கேளுங்கள். ஸ்கேட் அளவு ஷூ அளவைவிடச் சிறியதாக இருப்பது சாதாரணம். பனியில் முட்டியை மடக்கி, கையை முன்னால் வைத்து, காலைப் பார்க்காமல் எதிரே பாருங்கள். விழுகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுந்து விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவரின் கத்தி விரலில் ஏறாமல் இருக்கும். நண்பர் கையைப் பிடித்தால் இருவரும் விழுவீர்கள். குழந்தைகளுக்கு சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிவிடாமல் ஹாக்கி ஹெல்மெட் போடுங்கள், பனியில் மல்லாந்து விழும்போது அடிபடுவது பின்தலை.

பலகையில் உட்கார்ந்து பனிக்குன்றில் சறுக்கும் டொபோகன் ஏதோ குழந்தை விளையாட்டு என்று அலட்சியமாக எடுத்துக்கொள்கிறோம். கீழே மரம், வேலி, ரோடு இல்லாத குன்றாகப் பாருங்கள். தடைப் பலகை இருக்கும் குன்றுகளைத் தவிருங்கள், நகராட்சி காரணமில்லாமல் வைப்பதில்லை. தலை முன்னால் போகும்படி குப்புறப் படுத்துச் சறுக்கக் கூடாது. நீள மப்ளர் எங்காவது சிக்கினால் கழுத்தை நெரிக்கும், கழுத்துக்கு நெக் வார்மர் போதும்.

இதில் உயிருக்கே ஆபத்தானது உறைந்த ஏரி. இன்னொருவர் நடக்கிறார், நாமும் நடக்கலாம் என்று இறங்கிவிடுகிறார்கள். ஒருவர் நடக்கவோ ஸ்கேட் செய்யவோ குறைந்தது 15 செ.மீ. தடிமன் வேண்டும், கூட்டமாகப் போனால் 20 செ.மீ. அதுவும் தெளிவான, நீலச் சாயல் உள்ள பனிக்கட்டிக்குத்தான் இந்தக் கணக்கு. பால் மாதிரி வெளுத்ததற்குப் பாதிப் பலம்தான், சாம்பல் நிறமாக இருந்தால் தொடவே வேண்டாம். ஆற்று முகம், பாலத்தடி, படகுத்துறை ஓரம் இங்கெல்லாம் மெலிந்திருக்கும். ஒன்டாரியோ ஏரிக்கரையில் அலை அடித்து அடித்து உருவாகும் பனி மேடுகள், ஸ்கார்பரோ பிளஃப்ஸ் பக்கம் படமெடுக்க அழகாக இருக்கும், உள்ளே பொந்தாக இருக்கலாம், கீழே தண்ணீர். கரையில் நின்றே படமெடுங்கள். இயற்கைப் பனியில் ஸ்கேட் செய்யும் ஆசைக்கு ஆள் வைத்து அளந்து பராமரிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஒட்டாவாவின் ரிடோ கால்வாயில் 7.8 கி.மீ. நீளத்துக்கு ஸ்கேட் செய்யலாம், இலவசம், ஆனால் கனமான கூட்டத்தைத் தாங்க 30 செ.மீ. உறையும்வரை திறக்க மாட்டார்கள். 2022-23 வின்டரில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அதனால் டொரண்டோவிலிருந்து 450 கி.மீ. ஓட்டும் முன், ஹோட்டல் போடும் முன், அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். ஹன்ட்ஸ்வில் பக்கத்து ஆரோஹெட் பூங்காவில் காட்டுக்குள் வளைந்து போகும் 1.3 கி.மீ. ஸ்கேட் பாதைக்கு முன்பதிவு வேண்டும், சனி ஞாயிறு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வண்டி. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் இறுகிப்போய் பிடிமானம் குறையும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம், ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, அதனால் இங்கே வாடகை வண்டியில் பெரும்பாலும் ஆல் சீசன் டயர்தான் வரும். எடுக்கும்போதே கேளுங்கள். பனியில் மாட்டிக்கொண்டு சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டால், புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று முதலில் இறங்கிப் பாருங்கள், விஷவாயு உள்ளே ஏறும். கைக்குழந்தைக்குத் தடித்த ஜாக்கெட்டைப் போட்டபடியே கார் சீட்டில் பெல்ட் மாட்டுவது நாம் அன்பாகச் செய்யும் தவறு. மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும், பெல்ட் தொளதொளத்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, மேலே போர்வையாகப் போடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஜனவரியில் நயாகரா காட்டியே ஆக வேண்டும் என்று ஒரு வேகம் வரும். தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் அருவிச் சாரல் கைப்பிடியிலும் நடைபாதையிலும் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் கம்பிப் பல் கிடைக்கிறது, கனடியன் டயர் கடையிலேயே வாங்கலாம், அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதில்லாமல் போக வேண்டாம். பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்துவிடாமல், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கும் ஸ்கீ மாதிரி விளையாட்டுக்கும் அது என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஒன்டாரியோவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் ஓஹிப் என்ற மாகாண அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர மாட்டார்கள், கல்லூரிக் காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும் என்பதை மணிக்கட்டு முறிவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பெற்றோரையும் சேர்த்துக் கூட்டிப்போக என் தேர்வு சிம்கோ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிப்பது. ஹீட்டர் வைத்த குடிசையை வாடகைக்கு விடுகிறார்கள், துளையும் அவர்களே போட்டுத் தருவார்கள், உட்கார்ந்தபடியே ரோல்ஸும் டீயுமாகப் பொழுது போய்விடும். பிப்ரவரியின் மூன்றாவது திங்கட்கிழமை ஃபேமிலி டே விடுமுறை. அந்த வார இறுதியில் மீன்பிடி உரிமம் வேண்டாம் என்பார்கள், அதை நம்பி எல்லோரும் தூண்டிலைத் தூக்கிவிடாதீர்கள். அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும், அதிலும் வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனுக்கு வரம்பு உண்டு. 65 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்ற விதியும் இங்கே வசிப்பவர்களுக்குத்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு ஒரு நாள் உரிமம் இணையத்திலேயே வாங்கிவிடலாம், முந்தின நாள் ராத்திரியே வாங்கிவிடுங்கள், ஏரி நடுவில் சிக்னலை நம்ப முடியாது.