வைக்கோல் கூழ் வடியாமல் நின்றால்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டி முடிந்தால் வைக்கோலுக்குக் குறைவில்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலையே 1950களில் வைக்கோலை நம்பித் தொடங்கியதுதான். ஆனால் வீட்டில் கடதாசி செய்ய அதைச் சலவைச் சோடா போட்டு அவித்து, இடித்துக் கூழாக்கி, வலை கட்டிய சட்டத்தில் வார்த்தால் தண்ணீர் இறங்காமல் குளம் கட்டி நிற்கும். வலையை மாற்றிப் பிரயோசனமில்லை, பிழை நாரில்.

வைக்கோல் நார் சராசரியாக 1 மில்லிமீற்றரும் கொஞ்சமும்தான், பைன் மர நார் 3 மில்லிமீற்றர் வரும். போதாததற்கு வைக்கோலில் நாரே அல்லாத பொடிக் கலங்கள் நிறைய, அவை நார்களுக்கு இடையே உள்ள ஓட்டைகளை அடைத்துவிடும்.

சரி, முதலில் அளந்து பாருங்கள். ஒரு தம்ளர் கூழை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, சட்டத்தில் ஊற்றி, மேலே நிற்கும் தண்ணீர் மறைய எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் அதே தம்ளர், அதே வாளி. தண்ணீரின் சூடும் ஒரேயளவாக இருக்கட்டும், வெந்நீர் வேகமாக வடிந்து உங்களை ஏமாற்றும்.

அதிகம் இடித்தால் கடதாசி பலமாகும் என்று எல்லாரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் இடித்துக் கை வலித்தேன். இடிக்கும்போது நாரின் மேல்தோல் சிலும்பி, தண்ணீர் குடித்து ஊதி, காயும்போது ஐதரசன் பிணைப்பால் பக்கத்து நாரோடு ஒட்டுகிறது. அதுவரை இழுவைப் பலம் கூடும். அதற்கு மேல் இடித்தால் நார் அறுந்து பொடிதான் கூடும், வடிவதும் மந்தமாகும், கிழிபலமும் விழும். வைக்கோலுக்குக் கொஞ்ச இடியே போதும்.

அப்புறம், கூழை வலையில் போட்டு நன்றாக அலசுங்கள், பொடியில் ஒரு பகுதி போய்விடும். கால் பங்குக்கு நீள நார் சேருங்கள். வாழை நார் நல்லது, ஆனால் துண்டாக வெட்டாவிட்டால் சிக்குப் போட்டுத் திரளும். பழைய கொப்பித்தாள் சேர்த்தால் சிலவேளை வடிவது சுலபமாகும், ஆனால் ஒருமுறை காய்ந்த நார் விறைத்துப்போய் முன்போல ஊதாது, ஒட்டும் பலம் குறைவு.

காய்ந்த பிறகு ஒரு கீற்றை இழுத்துப் பாருங்கள், இன்னொன்றை ஓரத்திலிருந்து கிழித்துப் பாருங்கள். இழுத்ததும் நார்கள் முழுசாக உருவி வந்தால் இன்னும் கொஞ்சம் இடிக்கலாம். ஓரம் சுத்தமாக வெட்டினதுபோல அறுந்தால் இடித்தது கூடிப்போச்சு.