படகுகளைக் கண்ணாடியில் உருக்கிப் பதிக்க

பல படகுகள் அணிவகுக்கும் கண்ணாடிப் பலகையைச் சூளையில் உருக்கி ஒட்டிச் செய்ய, முதலில் அளவுகோலை முடிவு செய்யுங்கள். இத்தாலியின் பெனெட்டி நிறுவனம் 1873 முதல் படகு கட்டுகிறது. அதன் 107 மீட்டர் சொகுசுப் படகான ‘லானா’வை 1:250-க்குக் குறைத்தால் 43 செ.மீ., 50 மீட்டர் படகு 20 செ.மீ. ஒவ்வொன்றையும் இஷ்டத்துக்குச் சுருக்கினால் அணிவகுப்பு போலவே இருக்காது.

அடித்தளம் 60 செ.மீ. அகலம்: கீழே தெளிந்த கண்ணாடி, மேலே நீலம், இரண்டும் தலா 3 மி.மீ. தடிமன். அதன்மேல் அதே தடிமனுள்ள வெள்ளைக் கண்ணாடியில் வெட்டிய படகுகள். எல்லாம் ஒரே விரிவுக் குணகம் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்; இங்கே 90) கொண்டதாக இருக்க வேண்டும். கலந்தால் ஆறும்போதோ, மாதம் கழித்தோ விரிசல் விடும். விரல்ரேகைகூட வெண்படலமாகத் தங்கும், ஆல்கஹாலால் துடையுங்கள்.

சூளையை மணிக்கு 150 டிகிரி செல்சியஸ் வீதம் ஏற்றி, 675-ல் அரைமணி நிறுத்துங்கள். இடையில் சிக்கிய காற்று வெளியேறும். பிறகு 760-ல் பத்து நிமிடம். 800-க்குப் போனால் படகு கரைந்து தட்டையாகிவிடும், கூரிய முகப்பு மழுங்கும்.

அவசரப்படுபவர்கள் கோட்டைவிடுவது ஆறவைப்பதில்தான். மேடுபள்ளமான பலகை என்பதால் 9 மி.மீ.யை 18 போலக் கணக்கிட்டு, 482-ல் மூன்று மணிநேரம். அடுத்து 427 வரை மணிக்கு 25 டிகிரிதான். கைச்சூடு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.