வீட்டுக்கு பிசியோ வராமல் போனதன் காரணம்

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடது கை, கால் விழுந்துவிட்டது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், பதிந்துகொள்ளுங்கள் என்றார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு, பிசியோ எல்லாம் இலவசம்.

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயர், ஆதார், போன் நம்பர் கொடுத்தேன். ஆள் வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், “எழுதி வச்சிருக்கும்மா, வருவாங்க.” அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போட்டேன், உங்கள் சுகாதார நிலையத்தையே கேளுங்கள் என்றார்கள். அலுத்துப் போயிற்று.

விஷயம் பிடிபட்டது பக்கத்து வீட்டு ஆயாவிடம். அவருக்கு பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அவருடைய நோட்டில் குத்தியிருந்த முத்திரையில் வேறொரு சுகாதார நிலையத்தின் பெயர்! எங்கள் தெருவின் எதிர் வரிசை ஒரு வார்டு, எங்கள் வரிசை இன்னொரு வார்டு. நடக்கிற தூரத்தில் இருப்பது எங்களுக்கானதே இல்லை. ரயில்வே கேட் தாண்டி இருப்பதுதான். இதைப் பதிவு மேஜையில் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மறுபடி க்யூவில் நிற்காமல், ஆயாவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவைப் பிடித்தேன். அம்மாவுக்கு பிரஷர் பார்த்தார், டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே பிசியோ வந்துவிட்டார். தினமும் வரமாட்டார், பயிற்சியை வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். தங்கச்சி அதைப் பார்த்துத்தான் செய்ய வைக்கிறாள்.