டிட் வந்தால் வென்ட் வராது

ஆங்கிலத்தில் இறந்தகாலம் எழுதும்போது, வினைக்கு முன்னால் டிட், ஹேவ் போன்ற துணைவினை ஏதாவது நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் வடிவம் (கோ, வென்ட், கான் என்ற வரிசையில் நடுவில் வருவது): ஐ வென்ட், ஷீ ரோட். டிட் வந்துவிட்டால் காலத்தை அதுவே சுமந்துகொள்ளும், வினை முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும், அதனால் 'டிட் நாட் வென்ட்' தப்பு, 'டிட் நாட் கோ' சரி. ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் மூன்றாம் வடிவம்: ஹேவ் கான், ஹேஸ் ரிட்டன்.

அப்புறம், நம் ஆட்கள் அதிகம் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். அதை அப்படியே 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' என்று மெயிலில் போடாதீர்கள், யெஸ்டர்டே இருந்தால் 'ஐ சென்ட் இட்' போதும். கட், புட் எல்லாம் மூன்று வடிவத்திலும் மாறாது, தொல்லையில்லை. ரீட் மட்டும் எழுத்தில் அப்படியே இருந்து, இரண்டாம், மூன்றாம் வடிவங்களில் உச்சரிப்பில் 'ரெட்' ஆகிவிடும்.